வலிக்குச் சாட்சி தேடிய பிஎச்டி அண்ணன்

இந்தத் தீவில் மருத்துவம் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இலத்திரனியல் என்கிற எலக்ட்ரோனிக்ஸ் படித்தவர்கள் இருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் மெய்யியல் படித்தவர்களும் அகப்படுவார்கள். ஆனால் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து, மூன்று துறைக்காரர்களையும் ஒரே காலைப் பொழுதில் வாயடைக்க வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் தேயிலை மலை மேலே இருக்கும் கந்தப்பளை பஜாரில் போன் திருத்துகிறவர்.

உயர்தரப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவருக்கு எங்கள் தோட்டத்து இளவட்டங்கள் நேரடியாகப் பிஎச்டி பட்டம் கொடுத்துவிட்டார்கள். முதலில் அது கிண்டல். நாளாக ஆகக் கிண்டல் தேய்ந்து பட்டம் மட்டும் நின்றுவிட்டது. தபால்காரர்கூட "பிஎச்டி இருக்காரா?" என்றுதான் கேட்பார். "இருக்கேன், உள்ள வாங்க" என்று பதில் வரும். உள்ளே போக முடியாது. இரண்டு மரக்கறிக் கடைகளுக்கு நடுவே செருகப்பட்டிருந்த அந்தக் கடையில், ஒருவர் நுழைய வேண்டுமென்றால் அண்ணன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

திருத்திய போனைச் சும்மா கொடுக்க மாட்டார். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பார். நோய்: சார்ஜ் ஏறவில்லை. காரணம்: துவாரத்தில் ரொட்டித் தூள். மெய்யியல் குறிப்பு: தீர்ந்துபோனது சார்ஜா, உங்கள் பொறுமையா?

ஒருநாள் கோவா மூட்டை ஏற்ற மரக்கறிக் கடைக்கு வந்த லொறி டிரைவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அண்ணே, கடைசியா எழுதியிருக்கிறதுக்கும் சேத்தா காசு?"

"இல்ல தம்பி. அது இலவசம்."

"அப்ப எனக்கு வேணாம். கிழிச்சுருங்க."

நான் அப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் சும்மா இருப்பவள் என்ற பேர் எனக்கு. உடைந்த திரையோடு போனைக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணன் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி கெம்பஸ் முடிச்சவங்கதானே? என்னா பாடம்?"

"உயிரியல்ண்ணே."

"நல்லது. இலத்திரனியல்?"

"இல்ல."

"மெய்யியல்?"

"இல்லண்ணே."

"மூணுல ஒண்ணு. நூத்துக்கு முப்பத்திமூணு. பாஸ் மார்க்குக்கு ரெண்டு குறையுது. பரவால்ல, சேத்துக்கலாம்."

எதில் சேர்த்துக்கொள்கிறார் என்று கேட்பதற்குள் நான் ஆராய்ச்சிக் குழுவில் உறுப்பினராகிவிட்டேன். குழுவில் மொத்தம் இரண்டு பேர். அவருக்கு யோசனை, எனக்கு இங்கிலீஷ்.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்று சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவர். தாய் தகப்பன் இல்லாத தம்பியை, பதினாறு வயதில் கொழுந்துக்கூடை தூக்கி வளர்த்தவர். கலியாணம் கட்டவில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அக்கா, பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தம்பி. அக்காவுக்கு வயிற்றின் இடது பக்கத்தில் தொடங்கி முதுகுக்குப் போகிற ஒரு வலி இருந்தது. நான் குழுவில் சேரும்போது அந்த வலிக்கு வயது ஒன்றைத் தாண்டியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி வேலைக்கு நிற்காமல் இருக்க வேண்டுமென்றால், டிஸ்பென்சரியில் மருந்து ஐயா எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு வேண்டும். துண்டு இருந்தால் நோயாளி. இல்லாவிட்டால் சோம்பேறி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கடிதமும் அவர்தான் தர வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் முடிவு. யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை. போட்டதாக நம்பி மூன்று தலைமுறை நடந்துவிட்டது. மருந்து ஐயா கெட்டவர் இல்லை. காலையில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் அவரால் துண்டு எழுத முடியும்.

அக்கா டிஸ்பென்சரிக்குப் போன கதையை அண்ணன் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார். மருந்து ஐயாவுக்கு மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்குவார். அக்காவுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. லேசா வயிறு."

"ரொம்ப வலிக்குதா?"

"பரவால்லீங்க ஐயா."

"ரெண்டு வில்லை போட்டுக்க. அடுத்தாளு!"

நடித்து முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கேட்பார்.

"காய்ச்சல்னா கண்ணாடிக் குழா சொல்லும் தங்கச்சி. வெட்டுனா ரத்தம் சொல்லும். வலிக்கு யாரு சாட்சி?"

"வலிக்கிறவங்கதான்ண்ணே."

"அவங்கதான் பொய் சொல்றாங்களே!"

அதுதான் ஆராய்ச்சி. வலி எங்கே இருக்கிறது என்பது மருத்துவம். அதை எப்படி அளப்பது என்பது இலத்திரனியல். இன்னொருவருக்கு வலிக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும் என்பது மெய்யியல். மூன்றையும் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் அடைத்து, "சாட்சி" என்று பெயர் வைத்தார்.

வலிக்கிறபோது விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் வியர்க்கும். வியர்வை இருந்தால் தோலில் கரண்ட் கொஞ்சம் கூடுதலாக ஓடும். எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு வலி. இதுதான் அவர் கணக்கு. உடுப்புக் காயப் போடும் கிளிப் இரண்டில் செப்புத் தகடு ஒட்டி, வயர் இழுத்து, பழைய போன் பெற்றரி வைத்து, உடைந்த மரக்கறித் தராசின் இலக்கப் பலகையைக் கழற்றி மேலே பொருத்தியிருந்தார். விரலில் கிளிப்பை மாட்டினால் பூச்சியத்திலிருந்து நூறுக்குள் ஓர் இலக்கம் சிவப்பாக எரியும்.

பஜார் முழுக்கப் பரிசோதனை நடந்தது. நகைக்கடை முதலாளிக்கு மூத்திரக் கல். எண்பத்திரண்டு வந்தது. கல் கரைந்த பிறகும் அவர் "எனக்கு எண்பத்திரண்டு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இடுப்புவலிக்கார சலூன்காரருக்கு அறுபதுதான் வந்தது. அவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

"நாள் பூரா நிக்கிறவன் நான். மெத்தையில உக்காந்திருக்கிற முதலாளிக்கு எண்பத்திரண்டு, எனக்கு அறுபதா? இதென்னா பிஎச்டி நியாயம்?"

"விஞ்ஞானத்துக்கு மொகம் பாக்கத் தெரியாது தம்பி."

"மொகம் பாக்காட்டிப் பரவால்ல, இடுப்பையாவது பாக்கச் சொல்லுங்க!"

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவுக்குத் தலைவலி. தொண்ணூற்றொன்று. அவர் அந்த இலக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டுபோய்த் தோட்டத்துப் பெரிய துரையிடம் காட்டினார். மறுநாள் லீவு கிடைத்துவிட்டது. அண்ணன் கடையை விட்டு வெளியே வந்து நடுத்தெருவில் கையை விரித்தார்.

"பாத்தீங்களா தங்கச்சி? ஒரு இலக்கம் லீவு வாங்கிருச்சு!"

அன்றைக்கே நான் சொன்னேன். "அக்காவுக்கு ஒருக்கா மாட்டிப் பாத்துருவோம்ண்ணே."

அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். "தங்கச்சி! சொந்தக்காரங்களை ஒளிச்சு வச்சு அளந்தா அதுக்குப் பேரு பக்கச்சார்பு. பெரியவங்க சபையில, முதல் தடவையா, பச்சையா அளக்கணும். அப்பத்தான் ஒருத்தனும் என்னைக் கேள்வி கேக்க முடியாது."

அவருடைய திட்டம் இதுதான். கீழ் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாநாடு நடக்கப்போகிறது. வெளியாட்களும் கட்டுரை அனுப்பலாம். மருத்துவப் பேராசிரியர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அக்காவின் விரலில் கிளிப்பை மாட்டுவார். தொண்ணூறுக்கு மேல் எரியும். அவர்களில் ஒருவர் பேனாவை எடுப்பார். ஒரு கடிதம் எழுதுவார். பேராசிரியர் கடிதத்தோடு போனால் எந்த ஆஸ்பத்திரி அக்காவைத் திருப்பி அனுப்பும்? அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் மூன்று துறையும். அதை அவர் மெல்லச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அடுத்த பஸ்ஸில் அக்காவை ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் என்ன என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டம் பெற்றவள் நான். எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் "துறை" என்று ஒரு பட்டியல். ஏதாவது ஒன்றுக்கு நேரே சரி போட வேண்டும். அண்ணன் மூன்றுக்குப் போட்டார். திரும்பி வந்தது. "ஒன்றை மட்டும் தெரிவு செய்க" என்று குறிப்பு. அண்ணன் பதில் எழுதினார், நான் மொழிபெயர்த்தேன். "ஐயா, என் அக்காவுக்கு வலிக்கும்போது அது எந்தத் துறைக்குள் வலிக்கிறது என்று தங்கள் படிவம் சொல்லுமானால், நானும் ஒன்றைத் தெரிவு செய்யத் தயார்."

இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. எங்களை "பிற" என்ற பட்டியலில் போட்டிருந்தார்கள்.

"பிற," என்று அண்ணன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எடம் தாராளமா இருக்கும்."

போவதற்கு முதல்நாள் லயத்துக்குப் போனேன். அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இடது முழங்கையை இடுப்போடு அழுத்திக்கொண்டு, வலது கையால் மட்டும் தட்டினார். அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் சம்பல் தொட்டு மூன்று ரொட்டி சாப்பிட்டேன்.

"மேடையில நான் என்னா சொல்லணும் புள்ள?"

உள்ளேயிருந்து தம்பி கத்தினார். "ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா! நீ சும்மா உக்காரு. மெசின் பேசும்."

அக்கா என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இவன் சின்னதுலேர்ந்தே இப்பிடித்தான். எதையாவது பெருசா நெனச்சுருவான், பொறகு மொகம் சுண்டிப் போயிரும். நீ கூட நின்னு பாத்துக்க."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். தீபாவளிக்கு எடுத்த சேலை அக்காவுக்கு. அண்ணனுக்கு யாரிடமோ இரவல் வாங்கிய கோட். தோள்பட்டை இரண்டும் அவரை விட்டுத் தள்ளியே நின்றன. பிஸ்கட் டின் துவாயில் சுற்றி அக்காவின் மடியில் இருந்தது. இறம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பிய ஒவ்வொரு திருப்பத்துக்கும் அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"இது மாட்டுனா வலிக்குமாடா?"

"வலியை அளக்குற மெசின் எப்பிடிக்கா வலிக்கும்?"

"சரி சரி, கேட்டேன்." டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ் குலுங்கியபோது டின்தான் குலுங்காமல் இருந்தது.

மண்டபம் குளிர்பதனம் செய்யப்பட்டிருந்தது. மலைக்குளிரில் பழகிய கந்தப்பளைக்காரர்கள் நாங்கள் மூவரும்தான் அங்கே குளிரில் நடுங்காதவர்கள். "பிற" பட்டியல் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாக வந்தது. பத்து நிமிடம். அண்ணன் மேடையேறிச் சிங்களத்தில் பேசினார். பஜார் சிங்களம்தான், ஆனால் ஆற்றுத் தண்ணீர்போல் ஓடியது. கண்ணாடிக் குழாய் சொல்லும், ரத்தம் சொல்லும், வலிக்கு யார் சாட்சி என்று கேட்டபோது முன்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். மெய்யியல்காரர் ஒருவர் குறிப்பெடுத்தார். நான் மேடை ஓரத்தில் நின்று, எங்களுக்குப் பரிசு கிடைத்தால் எந்தக் கையால் வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது நிமிடம் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார். கிளிப் இரண்டையும் விரல்களில் மாட்டினார். ஆளியைத் தட்டி மெசினைப் போட்டார்.

பூச்சியம்.

விரலை மாற்றினார். பூச்சியம். மறுகைக்கு மாற்றினார். பூச்சியம். வயரை ஆட்டினார், டின்னைத் தட்டினார், பெற்றரியைக் கழற்றித் தன் கோட்டில் துடைத்துப் போட்டார். மெசினில் பிழையா என்று பார்க்க, அமர்வுத் தலைவரான பேராசிரியர் தன் விரலையே நீட்டினார். நாற்பத்தொன்று எரிந்தது.

"மூன்று மணி நேரம் தலைமை தாங்கிய வலி" என்று அவர் சொல்ல, மண்டபம் சிரித்தது. நல்ல மனிதர், சங்கடத்தைத் தணிக்கத்தான் சொன்னார். திரும்பவும் அக்காவுக்கு மாட்டினார் அண்ணன். பூச்சியம், பச்சைப் பிள்ளை வாய் திறந்ததுபோல வட்டமாக எரிந்தது.

தலைவர் என்னிடம் சொன்னார், அம்மாவிடம் நேரடியாகவே கேளுங்கள், வலி இருக்கிறதா என்று. நான் கேட்டேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்து, இரவல் கோட்டுக்குள் சுருங்கிப்போய் நின்றார் அவர். அக்கா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லீங்க ஐயா. எனக்கு ஒரு வலியும் இல்ல. மெசின் சரியாத்தான் சொல்லுது. தம்பி கெட்டிக்காரன்."

மொழிபெயர்ப்பது என் வேலை. மொழிபெயர்த்தேன்.

மண்டபம் கை தட்டியது. உண்மையாகவே தட்டியது. வலி உள்ளவருக்கு இலக்கம் காட்டுகிறது, வலி இல்லாதவருக்குப் பூச்சியம் காட்டுகிறது, எளிமையான நல்ல கருவி என்று தலைவர் பாராட்டினார். அண்ணன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்குப் பரிசோடு வந்திருப்பார். நானும் மனதுக்குள் அதைத்தான் கெஞ்சினேன்: பேசாமல் இருங்கள் அண்ணே, சிரியுங்கள், இறங்குங்கள்.

அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா பொய் சொல்றாங்க," என்றார். "மெசினும் பொய் சொல்லுது."

கைதட்டல் நின்றது. குறிப்பெடுத்த மெய்யியல்காரர் கேட்டார்: "அப்படியானால் வலி இருப்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?"

"நடுவுல ஒரே ஒரு பலகைதான் சார். நான் இந்தப் பக்கம் படுக்கிறேன். எனக்குக் கேக்குது."

மணி அடித்தது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது. எல்லாரும் சாப்பிட எழுந்தார்கள். யாரும் பேனாவை எடுக்கவில்லை.

வெளியே விறாந்தையில் அக்கா குற்றம் செய்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். "நான் நல்லாத்தானேடா சொன்னேன்? கை எல்லாம் தட்டுனாங்களே?" அண்ணன் டின்னை எடுத்து மடியில் வைத்தார். கிளிப்பை என் விரலில் மாட்டினார்: ஐம்பத்தெட்டு. தன் விரலில் மாட்டினார்: எழுபது. பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள். கறையேறிக் கறுத்து, தோல் தடித்து, மரப்பட்டைபோல வெடித்திருந்தன. அதில் வியர்வை எங்கே வருவது? கரண்ட் எங்கே ஓடுவது? முதலாளிக்கும் கிளாக்கருக்கும் பேராசிரியருக்கும் மட்டும் வலிக்கிற மெசின் ஒன்றை, கொழுந்தெடுக்கிற அக்காவுக்காகச் செய்திருந்தார் அண்ணன். பஜாரில் இருந்த அத்தனை மெல்லிய விரல்களையும் அளந்தவர், வீட்டில் தனக்கு ரொட்டி தட்டிக் கொடுத்த விரலைப் பிடித்துப் பார்க்கவில்லை.

அவர் அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"தங்கச்சி," என்றார், "ஒரு வருசம் மெசின் செஞ்சேன். ஒரு பஸ் டிக்கட் எடுத்திருக்கலாம்."

பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அக்காவை எழுப்பினார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போனோம். கடிதம் இல்லை, துண்டு இல்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. இலக்கம் கொடுத்தார்கள், வரிசையில் உட்கார்ந்தோம். தூக்கம் கண்ணில் நின்ற ஓர் இளம் டொக்டர், என்னம்மா என்றார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா, லேசா..."

"நீ பேசாம இருக்கா!" என்று அண்ணன் குறுக்கே விழுந்தார். பிறகு அவர் பேசினார். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னால் எப்படி, மலை ஏறும்போது எப்படி, எத்தனை மாதமாகச் சோறு பாதியானது, சேலைக் கொசுவம் எத்தனை மடிப்புக் கூடியது. மெசினில்லாமல், மூன்று துறையில்லாமல், மூச்சு விடாமல் சொன்னார். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, அக்காவைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். வயிற்றில் கை வைத்தார். அவர் கண்ணில் இருந்த தூக்கம் போனதை நான் பார்த்தேன்.

கட்டி. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று அவர் தொடங்கினார். அண்ணனின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். இன்றைக்கும் அந்த டொக்டருக்கு நான் நன்றியுள்ளவள்.

ஒப்பரேஷன் செய்தார்கள். அது அக்காவுக்கு எட்டு மாதம் வாங்கிக் கொடுத்தது. அந்த எட்டு மாதமும் அண்ணன் பெரும்பாலும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். வார்டில் இருந்தவர்களின் போன்களையெல்லாம் திருத்தினார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கொடுத்த கடதாசியைப் பார்த்தேன். நோய், காரணம் எல்லாம் இருந்தது. மெய்யியல் குறிப்பு இல்லை.

கடைசி வாரத்தில் ஒரு பகல் நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனபோது, அண்ணன் வார்டிலிருந்து ஏறக்குறைய ஓடி வந்தார். கண் இரண்டும் சிவந்து, முகம் மட்டும் என்னவோபோல் வெளிச்சமாக இருந்தது.

"தங்கச்சி, அக்கா சொல்லிருச்சு!"

"என்னாண்ணே?"

"வலிக்குதுடான்னு சொல்லிருச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டு, வாயைத் தொறந்து சொல்லிருச்சு. நர்ஸ் மிஸ் ஓடி வந்து ஊசி போட்டாங்க. இப்ப தூங்குது."

சிரித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நின்றேன்.

அக்காவை எங்கள் மலையிலேயே, ஒன்பதாம் நம்பர் தேயிலைக்கு மேலே புதைத்தோம். மழை. வந்த பெண்களில் பாதிப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் ஏறினார்கள். அண்ணன் குழியைப் பார்க்கவில்லை. அவர்களைத்தான் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஊரிலிருந்து கதைகள் வந்தன. பிஎச்டிக்கு மூளை கலங்கிவிட்டதாம். செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிடுகிறாராம். போன் திருத்த வருகிற பொம்பளைகளிடம் போனைக் கேட்காமல் இடுப்பு எப்படி, நெஞ்சு எப்படி என்று கேட்கிறாராம். சலூன்காரர் போனில் என்னிடமே முறையிட்டார். "போன வாரம் எம் பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு புள்ள. சக்கர வியாதியாம். நல்ல வேளை. ஆனாலும் சலூன்ல தண்ணி சுட வைக்க ஆளில்லாம நான் பட்ட பாடு இருக்கே, அதையும் கொஞ்சம் அளக்கச் சொல்லு!"

போன செவ்வாய்க்கிழமை, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற வழியில், டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் எட்டிப் பார்த்தேன். நீளமான பெஞ்சில் அண்ணன் இருந்தார். தலை நரைத்திருந்தது. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நான்கு பெண்கள். எல்லாருடைய தலையிலும் நல்ல துண்டு, முகத்தில் வேண்டாவெறுப்பு. அவர் ஒவ்வொருவருக்கும் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அதை வாங்கிப் பார்த்த தாதி சிரித்துக்கொண்டே தமிழில் கேட்டார்.

"உறவுமுறைன்னு கேட்டா எல்லாத்துலயும் தம்பின்னே எழுதுறீங்களே. ஒங்களுக்கு எத்தினி அக்கா?"

"இந்த வாரம் நாலு மிஸ்."

முதலாவது பெண்ணைக் கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்து கூடவே போனார். கதவு சாத்துவதற்கு முன்னால் அவர் குரல் கேட்டது: "நீங்க பேசாம இருங்கக்கா, நான் சொல்றேன்."

கொழும்பு பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலாவது அக்காவும் உள்ளே போய் வெளியே வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.